நாளைக்கு இங்க கல்யாணம்

இல்ல தம்பி, அந்தக் கம்பிய இறக்காதீங்க. லாரியிலயே இருக்கட்டும். சவப்பெட்டிக் கடையிலேருந்துதான வர்றீங்க, ஆம்ப்ரோஸ்தான பேரு? ஒம்பதாவது மாடி ஜார்ஜு சாவுக்குத்தான பந்தல்? நான் உர்சுலா. இந்த ப்ளாக் குடியிருப்பாளர் கமிட்டித் தலைவி. கீழ வாய்ட் டெக்குல, இந்தப் பொது இடத்துல, எது நடக்கணும்னாலும் என்னைக் கேக்கணும் லா.

அங்க பாருங்க, அடுப்பு மூட்டிட்டாங்க. யூசுப் மக நஃபீசாவுக்கு நாளைக்குக் கல்யாணம். சாவு சேதி கேட்டதும் மனுஷன் கல்யாணப் பந்தல் துணிய அவுக்க ஆரம்பிச்சுட்டாரு. ஓடிப்போயி கையப் பிடிச்சு நிறுத்திட்டு வர்றேன்.

அப்படி முறைக்காதீங்க. ஆமா, எல்லாரும் மேயரம்மான்னு சொல்றது என்னைத்தான். நான் ஒண்ணும் நெசமான மேயர் இல்ல, ஆனா தேக்கா மார்க்கெட் வரைக்கும் அந்தப் பேரு போயிருச்சு. இந்த புக்கிட் பாத்தோக் பேட்டைக்கு வந்த புதுசுல கமிட்டி பூரா ஆம்பளைங்க. என்னைக் கூப்பிட்டதே தே தண்ணி கலக்கத்தான். லிஃப்ட்டுல ஒண்ணுக்குப் போனவனுங்கள நிறுத்தினது யாரு? பஸ் ஸ்டாப்புக்குக் கூரை போட வெச்சது யாரு? அப்புறந்தான் நாற்காலி குடுத்தானுங்க. அதுவும் மனசில்லாம.

சாவும் கல்யாணமும் ஒரே நேரத்துல வந்தா இடம் யாருக்குன்னு இங்க ஓயாத சண்டை. முதல்ல கேட்டவங்களுக்குத்தான் இடம், சாவுன்னாலும் பக்கத்து ப்ளாக்குக்குப் போகணும்னு நான்தான் முடிவு பண்ணேன். போன வருஷம் இதே ப்ளாக்கு கோவிந்தசாமியோட தாயாரு செத்தப்ப அப்படித்தான் அனுப்பினேன். பொணத்தக்கூட விரட்டுறாளே, இவ பொம்பளையான்னு மண்ண வாரித் தூத்தினாரு. கேட்டுக்கிட்டேன். இன்னைக்கு நான் வளைஞ்சா அவரு மூஞ்சில எப்படி முழிக்கிறது? நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்?

ஜார்ஜு மகன் இங்கதான் போடச் சொன்னானா? அவன் பாவம், அழுதுகிட்டே போன் பண்ணியிருப்பான். பக்கத்து ப்ளாக்குல லைட்டு, ஃபேன் எல்லாம் மாட்டச் சொல்லிட்டேன். ஜெபமால சொல்ல சர்ச் ஜனங்க அங்கதான் வருவாங்க. ஃபாதருக்கும் சொல்லியாச்சு.

இன்னும் ஏன் நிக்கிறீங்க? குடும்பத்துல யாராச்சும் சொன்னாத்தான் லாரியத் திருப்புவீங்களா?

அதான் சொல்லிக்கிட்டிருக்கேனே தம்பி. ஜார்ஜு என் வீட்டுக்காரரு. சீக்கிரம் வண்டிய எடுங்க, நானும் ஏறிக்கறேன்.