ரேடியோவுக்காகக் கொடுத்த காலண்டர்கள்

இடஒதுக்கீட்டு மறியலால் எங்கள் பஸ் தியாகதுருகத்தில் நின்றிருந்தது. முன்சீட்டில் கரும்பு விவசாயி ஒருவரும் துணிக்கடை பாயும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பாய், நாம கேக்கற வெளிநாட்டு ரேடியோவுல தமிழ் நிகழ்ச்சிய நிறுத்தப் போறாங்களாம். அவங்க கவர்மெண்ட்டு பணம் தரலியாம்.”

“அங்க மறியல் பண்ண ஆளில்லியா?”

“லெட்டர் போடச் சொல்றாங்க. இன்னா எழுதறது?”

“வருசா வருசம் ஓசியில காலண்டர் அனுப்பறாங்களே, அது வாணாம்னு எழுதுங்க. செலவு கம்மியாவும்.”

“நம்ம ரெண்டு காலண்டருல இன்னாங்க மிச்சமாவும்?”

பாய் எழுந்து திரும்பினார். “காலண்டர் வாங்கறவங்க யாருங்க? விட்டுக்குடுங்க, ரேடியோ பொழைக்கட்டும்!”

சிரிப்போடு பதினோரு கைகள் உயர்ந்தன. விவசாயி ஒவ்வொரு பேராகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்: நான் கை தூக்கவில்லை. மனைவி பேரிலும் ரேடியோவுக்கு எழுதிப்போட்டு வாங்கியதில், அப்போது என் வீட்டில் இரண்டு காலண்டர்கள் தொங்கின.