பழைய சோற்றுப் போதை

படவேடு பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர், குடிக்க மாட்டேன் என்று கோயிலில் கட்டிக்கொண்ட கயிற்றை மனைவியிடம் காட்டினார்.

"நான் குடிக்கலடி. பழைய சோறுதான் துன்னேன். அதுல ஈஸ்ட்டுன்னு ஒரு உயிரு கீது. காத்து இல்லாங்காட்டி சர்க்கரையத் துன்னு சாராயமா வுடுது. பொண்ணு புக்குலயே போட்டுக்குது."

பாடம் சரிதான். பரீட்சையில் நானும் அதையே எழுதினேன்.

"அதே பானையிலதான்யா நானும் துன்னேன். நேத்து தறிக்குழியில வுழுந்தது நீயா, நானா? குடிச்சேன்னு ஒத்துக்கோ. இல்லன்னா சந்தவாசல்ல எங்கம்மா வூட்டுக்கு எறங்கிடுவேன்."

"ஒடம்புக்கு ஒடம்பு மாறும்டி."

சந்தவாசல் வந்ததும் அவள் பையோடு எழுந்தாள்.

"சோத்துப் பானை வூட்லதான் கீது. அந்த ஈஸ்ட்டோடவே குடும்பம் நடத்து."