பின்னால் நின்ற சிங்கம்

பென்டில் ஹில் போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில், கென்யாவில் சஃபாரி போய் வந்த ஒரு வயதான தம்பதி. ஜீப்பில் கூட வந்த யாரோ அனுப்பிய படங்களை அந்த அம்மா போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று குரல் உயர்ந்தது.

“இஞ்சேருங்கோ, இது சிங்கமெல்லோ? எங்கட ஜீப்புக்குப் பக்கத்தில நிக்குது!”

“ஓம்.”

“சிங்கத்தை மட்டும் காணேல்லையெண்டு நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன். அந்த நேரம் நான் எங்க போனனான்?”

“வடிவாப் பாரும். என்ர தோளில நித்திரை.”

“ஒருத்தரும் என்னை எழுப்பேல்லையோ?”

“எழுப்ப வெளிக்கிட்டவை. நான்தான் வேண்டாமெண்டு கை காட்டினனான். ஒப்பரேசனுக்குப் பிறகு நீர் அப்பிடி நித்திரை கொண்டதை அண்டைக்குத்தான் கண்டனான்.”

ஒரு ஸ்டேஷன் வந்து போனது.

“அப்ப நீங்களாவது பார்த்தனீங்களோ?”

“எப்பிடிப் பார்க்கிறது? அது எனக்குப் பின்னால நிண்டது. திரும்பினா நீர் எழும்பிடுவீர்.”

“நல்ல மனுசன்! ஆபிரிக்கா வரைக்கும் போய்ப்போட்டு…” என்றவர் போனை அவரிடம் நீட்டினார். “இந்தாங்கோ, இப்பவாவது பாருங்கோ.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார்.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். “அது நானப்பா. சிங்கம் அங்கால நிக்குது.”

“பொறும், வாறன்.”