முறுக்குக் கம்பிக்குள் தண்ணீர்

— மோட்டாரு இன்னைக்கும் ஓடுதா?

— ஓடாம என்னங்க. நல்லா ஓடுது. இந்தக் கஞ்சிய மொதல்ல குடிங்க, ஆறிப் போயிரும்.

— காலைல நீயா போட்டுவுட்டே?

— வாசல் தெளிச்ச கையோட போயி சுச்சப் போட்டுவுட்டேனுங்க. நானும் கத்துக்கிட்டேன்ல. பச்சைய அமுக்குனா ஓடும், செவப்ப அமுக்குனா நிக்கும்.

— ஆறுச்சாமி பட்டறைக்கு வரலியா?

— அவந்தான் ஆனைமலைக்குப் போயிருக்கறானே. அக்கா ஊட்டுல ஏதோ விசேசமின்னு உங்ககிட்ட சொன்னனே.

— சொன்னே, சொன்னே... இன்னும் முடியலையாக்கும்.

— ஒறம்பரைக்குப் போனவன் நாலு நாளு இருந்துட்டுத்தானுங்க வருவான். உங்களாட்டம் காலைல போயி, எலைல கைய நனைச்சுட்டு, மத்தியானத்துக்குள்ள பட்டறைக்கு ஓடியாறதுக்கு அவனுக்கென்ன பைத்தியமா?

— அப்ப எனக்குப் பைத்தியங்கறே.

— நானெங்கீங்க சொன்னேன். துடியலூருச் சந்தையில போயி கேட்டுப் பாருங்க. சீனிவாசலு நாயுடு ஊடு எதுன்னு கேட்டா, ஆரு, அந்தத் தண்ணித் தொட்டி முன்னால குத்த வெச்சு உக்காந்திருக்கறவரான்னுதான் கேக்கறாங்க.

— தொட்டி இப்பத்தான் கட்டுனது. மொதல்ல உன்ற அண்டாதானே.

— அத ஞாபகப்படுத்தாதீங்க. எங்கம்மா சீரா குடுத்த பித்தள அண்டா. பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். பொங்க நோம்பிக்கு வெளக்கலாமுன்னு எடுத்தா, உள்ளார மோட்டாரு முங்கிக் கெடக்குது.

— அன்னைக்கு நீ நின்ன நெலைய...

— சிரிக்காதீங்க. சிரிச்சீங்கன்னா இருமலு வந்துரும்... பாருங்க, வந்துருச்சு. சித்த முன்னால குனிங்க. இந்தத் துண்டுல துப்புங்க. மெதுவா... மெதுவாங்க.

— ...

— அவ்வளவுதான், போயிருச்சு. குடுங்க, நான் அலசிப் போட்டுர்றேன்.

— அதென்ன மடிச்சு மறைக்கறே?

— மறைக்கறனா? காலைல குடிச்சீங்களே கசாயம், அதுங்க. செவப்பாத்தானுங்க இருக்கும்.

— கசாயம்.

— ஆமாங்க.

— டாக்டரு அந்த எக்ஸ்ரே படத்தப் பாத்துட்டு என்னதான் சொன்னாரு, ராமாமணி?

— எத்தன தடவைங்க கேப்பீங்க? சளிதானுங்களாம். நெஞ்சுல ஒறஞ்சு போயிக் கெடக்குதாம். வெயிலு வந்தா தானா எளகிரும், சித்திரைக்கெல்லாம் எந்திரிச்சு நடப்பாருன்னு சொன்னாரு.

— சித்திரைக்கு.

— ஆமாங்க.

— சரி... அந்தச் சன்னலத் தொறந்து வையி. ஜீப்புச் சத்தம் கேக்கோணும்.

— எந்த ஜீப்புங்க?

— பம்பு கம்பெனி ஜீப்பு. நசுருதீன் பொழுதோட வர்றான். நான் செஞ்ச ஒயரு சுருள் பூராத்தையும் ஏத்திக்கிட்டுப் போறதுக்கு.

— இன்னைக்கேவா?

— ஏன், நாள் நல்லா இல்லியா?

— இல்லீங்க... நீங்க எந்திரிச்சுப்போட்டு அப்பறமா குடுக்கலாமுன்னு...

— நான் எந்திரிச்சு என்ன பண்ணப் போறேன். ஒயரு செஞ்சாச்சு. மோட்டாரு ஓடுது. பல்லடத்துப் பக்கம் கெணறெல்லாம் வத்திப் போச்சுன்னு கெணத்துக்குள்ள போரப் போட்டு மோட்டார எறக்கறாங்க. ஆழம் போகப் போக ஒயரும் நீளந்தான். அவங்க காத்துக்கிட்டு இருக்கறாங்க.

— சுருள் ஒவ்வொண்ணும் என்ன கனங்கனக்குது. ஆறுச்சாமியும் இல்ல. ஆருங்க ஏத்தறது?

— நசுருதீன் ஆளக் கூட்டிட்டு வருவான்.

— மழ வர்றாப்பல இருக்குதுங்க.

— ஒயரே தண்ணிக்குள்ள கெடக்கறதுக்குத்தான் செஞ்சிருக்குது. மழைக்கா பயப்படறே?

— அதில்லீங்க...

— வேறென்ன? என்ற ஒயரு மேல உனக்கு நம்பிக்கையில்லியா? அது என்னன்னாவது தெரியுமா உனக்கு?

— ஏனுங்க தெரியாது? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். தின்னறப்பவும் அதே பேச்சு, கோயலுக்குப் போனாலும் அதே பேச்சு.

— சொல்லு பாப்போம்.

— இப்ப எதுக்குங்க?

— சொல்லு. உன்ற வாயில கேக்கோணும்.

— ஏழு செம்புக் கம்பிய ஒண்ணா முறுக்கி, அதும் மேல உறை போட்டு ஒயரு செய்யறாங்க. உறை எங்கியாச்சும் கல்லுல ஒரசி ஒரு ஊசிக்கண்ணு ஓட்டை உழுந்தாப் போதும், தண்ணி உள்ளார பூந்துரும். பூந்த தண்ணி அங்கியே நிக்காது. முறுக்குன கம்பிக்கும் கம்பிக்கும் நடுவால இருக்கற சந்துலயே நடந்து நடந்து மோட்டாருக்குள்ள எறங்கிருது.

— ம்.

— நீங்க கம்பிய முறுக்கறப்பவே மெழுகும் குங்கிலியமும் காச்சி, அந்தச் சந்து பூராத்தையும் அடைச்சுப்போட்டீங்க. இனி ஓட்டை உழுந்தாலும் தண்ணி அந்த எடத்த உட்டு நகராது. இதுதானுங்களே?

— இதேதான். கம்பெனியில இஞ்சினீயருங்களுக்குச் சொல்றதுக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.

— மூணு வருசமா இங்க கேட்டுக்கிட்டே இருக்கறவ நாந்தானுங்களே.

— மாரப்பன் தோட்டத்துல அந்த ஒயர அறுத்துப் பாத்தன் பாரு, அன்னைக்குப் புடிச்சது. உறைல ஓட்டை ஒரு எடத்துல. அங்கிருந்து ஏழெட்டு மொழந் தள்ளி வெட்டறேன், கம்பிக்குள்ள இருந்து சொட்டுச் சொட்டா தண்ணி உழுகுது. வெளிய தொட்டுப் பாத்தா காஞ்சு கெடக்குது.

— அங்க வேல செஞ்ச ஐயாசாமி செத்ததுக்கு மறுநாளுங்க அது.

— ஆமா.

— பாவம், வேலைய முடிச்சுட்டுக் கையக் கழுவறதுக்குத்தான் பைப்பு கிட்ட போனான். பைப்பெல்லாம் கரண்டு எறங்கியிருக்குதுன்னு அவனுக்கென்ன தெரியும்.

— மாரப்பனுக்கும் தெரியாது. மோட்டாரு செஞ்சவனுக்கும் தெரியாது.

— அவன் பொண்டாட்டி பழனியாத்தா இன்னமும் வாய்க்கால்ல காலு வெக்கறதில்லீங்க. முந்தாநேத்துப் பாத்தேன். புல்லுக்கட்டத் தலைல வெச்சுக்கிட்டு, இத்தினிக்கூண்டு வாய்க்கா, அதத் தாண்டித்தான் போறா. புருசன் செத்து மூணு வருசமாச்சு.

— அதுக்குத்தான் சொல்றேன். இந்த ஒயரு சீக்கிரம் கெணத்துக்குள்ள எறங்கோணும். இன்னொருத்தி அப்படித் தாண்டக் கூடாது.

— ஏனுங்க, இன்னொரு மாசம் தொட்டியிலயே ஓட்டிப் பாத்துட்டுக் குடுத்தா என்னங்க?

— எதுக்கு? வேணுமின்னே ஊசில குத்தி ஓட்டை போட்ட ஒயரு. அதோட மோட்டாரு பகல் பூராவும் தண்ணிக்குள்ள ஓடுதுன்னு நீதானே தெனமும் சொல்றே. இன்னும் என்ன பாக்கறது?

— அது சரீங்க...

— நசுருதீன் வந்தா நேரா தொட்டிக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டிரு. பச்சைய அமுக்கு, செவப்ப அமுக்கு. பாத்துட்டு அவனே ஏத்திக்குவான்.

— அவரு ஏத்தக் கூடாதுங்க.

— ஏன்?

— அந்த ஒயரு வேண்டாமுங்க. ஒரு கெணத்துக்கும் போக வேண்டாம்.

— ஏன், ராமாமணி?

— மோட்டாரு ஓடலீங்க. நின்னு போச்சுங்க. போன வாரம் வெள்ளிக்கெழமையே நின்னு போச்சு. நான் இத்தன நாளும் உங்ககிட்ட பொய்யிதான் சொல்லிட்டு இருந்தேன்.

— ம்.

— ஒடம்பு இப்படி இருக்கறப்ப எப்படீங்க சொல்றது? காலைல கண்ண முழிச்சதும் அதத்தானே கேக்கறீங்க. ஓடுதுன்னு சொன்னாத்தான் ரண்டு வாயி கஞ்சி எறங்குது. நின்னு போச்சுன்னு சொல்லி, நீங்க அந்தக் கஞ்சியையும் வேண்டாமுன்னுட்டா...

— எப்படி நின்னுச்சு?

— வெள்ளிக்கெழமை கரண்டு ரொம்ப மங்கலா வந்துச்சுங்க. லைட்டே செவந்து போயி எரிஞ்சுது. மோட்டாரு மொனகிக்கிட்டே ஓடுச்சு. ஆறுச்சாமி ஒயரத் தொட்டுப் பாத்துட்டு, ரொம்பச் சுடுதுங்கம்மா, நிறுத்திப்போடறேன்னான். சித்த ஓடட்டும், ஐயா கேப்பாருன்னு நாந்தான் சொன்னேன்.

— அப்பறம்?

— கொஞ்ச நேரஞ்செண்டு பாத்தா தொட்டித் தண்ணி மேல என்னமோ மெதக்குது. மஞ்ச மஞ்சளா, நெய் உருகி மெதக்கற மாதிரி. என்னன்னு பாக்கறதுக்கு அவன் கைய உட்டானுங்க... அப்படியே தூக்கி வீசிருச்சு. செவுத்துல போயி உழுந்தான். உள்ளங்கை வெந்து போச்சு, மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. உசுரு தப்புனதே பெரிசுங்க. ஆனைமலைக்கெல்லாம் போகலீங்க அவன். கட்டுப் போட்டுக்கிட்டு ஊட்டுலதான் கெடக்கறான். அவன் பொண்டாட்டி ராசாத்தா மூஞ்சிய என்னால பாக்க முடியல. தெனமும் போயிச் சோறு வெச்சுப்போட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டே வந்தர்றேன்.

— அழுகாத.

— தொட்டியிலயே இப்படீன்னா, கெணத்துல எறக்குனா என்னங்க ஆகும்? எந்தத் தோட்டத்துல எவன் போயித் தொடுவானோ. ஜீப்பு வருதுன்னு நீங்க சொன்னதுமே எனக்குக் கையுங் காலும் ஓடல. உங்க மனசு நோகுமேன்னு பாத்தா, ஊருல இருக்கறவளுக புருசனையெல்லாம் நான் கொன்னு போட்ட மாதிரி ஆயிருமுங்க.

— இங்க வா. இப்படிக் கிட்ட வந்து உக்காரு.

— திட்டறதுன்னா திட்டிருங்க. இப்படிச் சும்மா பாக்காதீங்க.

— மெழுகு அந்த ஊசி ஓட்டை வழியாத்தான் வெளிய வந்திருக்குது. ஒயரு சூடானதுல எளகிருச்சு. அது வெளிய வந்ததும், சந்து காலியாயிருச்சு. தண்ணி பழையபடி நடந்து போயிருச்சு.

— அப்படித்தானுங்களா?

— கம்பி கரண்டுல சூடாகும்னு எனக்குத் தெரியும். கரண்டு மங்குனா இன்னும் சூடாகும்னு நெனைக்கல. நம்மூரு கரண்டு மங்காம என்னைக்கு வந்துச்சு... பச்சத் தண்ணியிலயே பாத்துப் பாத்து ஏமாந்துட்டேன். சூட்டுக்கு எளகாததா வேணும். ரப்பர்ப் பாலக் காச்சிப் பாக்கலாம்.

— பாக்கலாமுங்க. சித்திரைக்கு எந்திரிச்சு நீங்களே காச்சிப் பாருங்க.

— ஆறுச்சாமிகிட்ட சொல்லியிருக்கறேன். கை சரியானதும் அவன் பாத்துக்குவான்.

— ஆறுச்சாமிகிட்டயா? எப்பங்க சொன்னீங்க?

— செவ்வாக்கெழமை.

— செவ்வாக்கெழமையா... அவன் இங்க வந்தானா?

— நீ படம் வாங்கறதுக்கு ஆர்.எஸ்.புரம் போயிருந்தே. கட்டுப்போட்ட கையோட வந்து, அதா அந்தக் கதவுகிட்ட நின்னான். உள்ள வாடான்னா வரமாட்டேங்கறான். நின்னுக்கிட்டே அழுதுட்டான்.

— சொல்ல மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணுனானே.

— எங்கிட்டயும் ஒண்ணு வாங்கிக்கிட்டுத்தான் போனான். அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, அவங்க தாங்க மாட்டாங்கன்னான்.

— அப்ப... நசுருதீனு?

— அவனுக்கும் அன்னைக்கே ஆளத் தாட்டிச் சொல்லியுட்டேன். ஒயரு தோத்துப் போச்சு, ஒரு மொழங்கூட வெளிய போகக் கூடாதுன்னு. அவனும் சரின்னுட்டான்.

— அப்ப ஜீப்பு...

— வராது.

— வராதுங்களா? அப்பறம் எதுக்குங்க சன்னலத் தொறக்கச் சொன்னீங்க?

— ஜீப்பு வருதுன்னா நீ சொல்லிருவேன்னு தெரியும். உன்னைய எனக்குத் தெரியாதா? நீயா சொல்லோணும்னு பாத்தேன்.

— எல்லாந் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, நாலஞ்சு நாளா காலைல எந்திரிச்சதும் ஓடுதா, ஓடுதான்னு கேட்டீங்களே. நானும் ஓடுதுங்க, ஓடுதுங்கன்னு... என்னைய எதுக்குங்க இப்படிச் சொல்ல வெச்சீங்க? பொய்யின்னு தெரிஞ்சுக்கிட்டே எதுக்குக் கேட்டீங்க?

— நீ பொய் சொன்னா எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாது, ராமாமணி. இத்தன வருசத்துல நீ எங்கிட்ட சொன்னதே இல்ல. செவ்வாக்கெழமை நீ டாக்டர்கிட்ட இருந்து வந்து செருப்புக்கூடக் கழட்டல, மொதல்ல மோட்டாரு ஓடுதான்னுதான் கேட்டேன். நல்லா ஓடுதுங்கன்னு சொன்னே. அப்பறம் படத்தக் கேட்டேன். சளிதானுங்களாம், சித்திரைக்கு எந்திரிச்சு நடப்பீங்களாமுன்னு சொன்னே... அன்னைல இருந்து தெனமும் ரண்டையும் கேட்டுக் கேட்டுப் பாக்கறேன், அம்மணி. ரண்டும் ஒரே கொரலாத்தான் இருக்குது.