மூன்று மணிப் படகு

மழைக்காலத்தில் தீவுக்குப் போவதில் ஒரு சௌகரியம் உண்டு ஐயா, கூட்டம் இருக்காது. பதினோரு வருடமாகப் பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்தக் கடல் எந்த மாதத்தில் கெடும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். புயல் மாதங்களில் அந்தத் தீவுக்கு நான் யாரையும் அனுப்பியதில்லை. அக்காவையும் அத்தானையும்தான் அனுப்பினேன்.

பிரசவத்துக்குப் பிறகு அக்கா எழுந்து நடமாடவே இரண்டு வருடம் ஆயிற்று. குழந்தை என்னிடம் வளர்ந்தாள். அக்கா தேறிய பிறகும், பழகிவிட்டாள், உன்னிடமே இருக்கட்டும் என்றார்கள். வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது ஏழு வயது. முதல் பல் விழுந்ததும் அம்மை போட்டதும் என் மடியில்தான்.

போன மாதம் அத்தானுக்கு வெளியூர் மாற்றல் வந்தது. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சமையலறை வாசலில் நின்றபடி அக்கா சொன்னாள், இரவல் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்பதுபோல. நான் சண்டை போடவில்லை. அதற்கு முன்னால் நீங்கள் இருவரும் பத்து நாள் எங்கேயாவது போய்வாருங்கள், பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“மழைக்காலமாச்சே, பரவாயில்லையா?” என்று கேட்டாள்.

ஒரு மணி நேரம் பெய்யும், பிறகு வெயில்தான் என்றேன். தண்ணீரை ஒட்டிய குடிலாகப் பார்த்து எடுத்தேன். அக்காவுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது என்று குமட்டலுக்கு மாத்திரைகூட வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

ஐந்தாம் நாள் மதியம் போன் செய்தாள்.

“எல்லாரையும் கிளம்பச் சொல்றாங்கடி. மூணு மணிக்குக் கடைசிப் படகாம். கிளம்பிடவா?”

எச்சரிக்கை அறிவிப்பு என் எதிரே கணினியில் திறந்திருந்தது. புயல் நேரே அந்தத் தீவுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

“அது வடக்கே திரும்பிடுச்சுக்கா. பேசாம இரு.”

“நீ சொன்னா சரி. பாப்பா சாப்பிட்டாளா?”

சாப்பிட்டாள் என்றேன். அது உண்மை.

குடில் இருந்த இடத்தில் இப்போது மணல்தான் கிடக்கிறது என்கிறார்கள். புயலை நான் வரவழைக்கவில்லை. ஆனால் அவர்களைப் படகு ஏறவிடாமல் செய்தது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் சாயங்காலம் பாப்பா, அம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள்.

“அம்மா இதோ இருக்கேனே,” என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு நிம்மதி ஐயா, குழந்தைக்கு.