மரம் அறுக்கற பல் டாக்டர்

...இல்ல சார், அந்த நாற்காலி வேண்டாம், அதுல கார்புரேட்டர் காயுது. இப்படி உக்காருங்க. நீங்க பேச வேண்டாம், கன்னத்தைப் பார்த்தாலே தெரியுது. டாக்டர் உள்ளதான் இருக்காரு. இருக்காரு, ஆனா கூப்பிட்டா வரமாட்டாரு. அதைத்தான் உங்களுக்கு முன்னால இருந்த அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தேன், பாதியில எழுந்து போயிட்டாங்க. நான் டாக்டரோட சம்சாரம். டோக்கன் கொடுக்கறதும் நான்தான், திட்டு வாங்கறதும் நான்தான்.

உள்ள டுர்ருனு கேக்குதே, பயப்படாதீங்க, அது பல்லுக்கு இல்ல. செயின் சா. மரம் அறுக்கற மெஷின் சார், கையில பிடிச்சுக்கிட்டு அறுப்பாங்களே, அது. ஒருத்தர் தபால்தலை சேர்ப்பாரு, ஒருத்தர் பழைய கடிகாரம் சேர்ப்பாரு. எனக்கு வாய்ச்சவரு இதைச் சேர்க்கறாரு. அதுவும் புதுசுன்னா ஆகாது. இவரு பிறக்கறதுக்கு முன்னால செஞ்சதா இருக்கணும், துருப்பிடிச்சிருக்கணும், முக்கியமா ஓடக்கூடாது. பல் எடுத்தவங்க சித்த நேரம் படுத்துக்கட்டும்னு ஒரு ரூம் கட்டினோம். இப்ப அந்தக் கட்டில்ல மெஷின் படுத்திருக்கு. தலகாணி வச்சு.

சரி, மனுஷன் ஆசைப்படறாருன்னு விட்டா, அறுக்க மரம் வேணுமில்ல? எங்க வீட்ல இருக்கறது தொட்டியில ஒரு ரோஜாச்செடி. அதனால அப்பல்லாம் எதையும் அறுக்கறதில்ல. கழட்டுவாரு, துடைப்பாரு, மாட்டுவாரு, ஸ்டார்ட் பண்ற கயிறை இழுப்பாரு. ஓடிச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டு கேட்டுட்டு நிப்பாரு. வீடு பூரா புகை. செயின்ல ஒவ்வொரு பல்லா அரம் போட்டுத் தீட்டிட்டு, "பாரு, ஒண்ணுகூட சொத்தை இல்ல"ன்னு எங்கிட்ட காட்டுவாரு. உங்க பல்லுல அழுக்கெடுக்கற கம்பி இருக்கே, அதாலதான் அதுலயும் கரியைச் சுரண்டறது. அட, முகத்தை அப்படி வச்சுக்காதீங்க, ஆவியில போட்டுத்தான் எடுக்கறோம். தவிர, முதல்ல உங்க வாய்க்கு, அப்புறம்தான் அதுக்கு.

ஹெட்மாஸ்டர் விஷயம் கேள்விப்பட்டிருப்பீங்களே? இல்லையா? ஊர் பூரா தெரியுமே.

கடவாப்பல் எடுக்க வந்தாரு, பாவம். ஊசி போட்டாச்சு. மரத்துப்போக நேரம் ஆகுமில்ல, "வாயைத் திறந்தே வச்சிருங்க, இதோ வந்துடறேன்"னு இவரு உள்ள போனாரு. அங்க பெரியப்பான்னு ஒரு மெஷின் இருக்கு. இவரோட பெரியப்பா மாதிரியே நாலு தடவை இருமும், மறுபடி தூங்கிடும், அதான் அந்தப் பேரு. வருஷக்கணக்கா ஓடாதது, அன்னிக்குப் பார்த்து ஸ்டார்ட் ஆயிடுச்சு. இவருக்குத் தலைகால் புரியலை. "பெரியப்பா எழுந்துட்டாரு, பெரியப்பா எழுந்துட்டாரு"ன்னு கத்திக்கிட்டு மெஷினோட ஓடி வர்றாரு. ஹெட்மாஸ்டர் அந்தப் பெரியப்பாவோட சாவுக்கு வந்தவரு சார். மாலை போட்டவரு. அவரு என்ன நினைப்பாரு?

கழுத்துல கட்டின துணியோட தெருவுல இறங்கி ஓடினாரு. இவரு பின்னாலயே, விளக்கம் சொல்லணுமாம். மெஷினை அணைச்சுட்டுப் போகலாமில்ல? அணைக்கற சுவிட்சை மட்டும் இன்னும் ரிப்பேர் பண்ணலை. வீட்ல தண்ணி கேன் தூக்கச் சொன்னா இடுப்பு பிடிச்சுக்கும், அதைத் தூக்கிட்டு எப்படித்தான் ஓடினாரோ. எங்க தெருவுக்கு இருக்கறதே ஒரு மரம், தபாலாபீஸ் வாசல்ல. ஹெட்மாஸ்டர் அதுல ஏறிட்டாரு. வாயும் மரத்துப்போச்சு, ஆளும் மரத்துக்குப் போயாச்சு. இவரு அடியில நின்னு, ஓடற மெஷினோட, "பயப்படாதீங்க, நான்தான்"ங்கறாரு. அவரு மேலேருந்து "நிறுத்து"ங்கறாரு. நாக்கு மரத்துப்போனதுல அது "இழுத்து"ன்னு கேக்குது. கூட்டத்துல ஒருத்தர், "இழுத்து வெட்டச் சொல்றாரு டாக்டர்"ங்கறாரு. எதிர் ஸ்கூல் பொண்ணுங்க எல்லாம் ஜன்னல்ல நின்னு பாக்கறாங்க.

ஒருவழியா பெட்ரோல் தீர்ந்து நின்னுச்சு. ஆனா ஹெட்மாஸ்டரோட கால் கிளைச் சந்துல மாட்டிக்கிச்சு. தீயணைப்பு வண்டி வந்தது. ஏணி வைக்க ஒரு கிளை குறுக்க நிக்குது. அவங்க மெஷின் பளபளன்னு புதுசு, இழுக்கறாங்க இழுக்கறாங்க, ஸ்டார்ட் ஆகலை. இவரு மெல்ல, "கொஞ்சம் பெட்ரோல் கிடைக்குமா?"ன்னாரு.

பெரியப்பா ஒரே இழுப்புல எழுந்துட்டாரு. கிளை வாழைத்தண்டு மாதிரி விழுந்தது. இவரு அழறாரு சார். எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்ல. ஹெட்மாஸ்டர் கீழ வந்ததும், "மரப்பு விடறதுக்குள்ள எடுத்துடலாம்"னு வண்டிப் படியிலேயே உக்கார வச்சுப் பல்லையும் பிடுங்கிட்டாரு. தீயணைப்புக்காரர்தான் டார்ச் பிடிச்சாரு. தெருவே கை தட்டுச்சு.

அன்னியோட போச்சு. பல்லுக்கு ஒருத்தர் வந்தா மரத்துக்கு ரெண்டு பேர் வர்றாங்க. டோக்கன் வாங்கிக்கிட்டு, "வாசல்ல ஒரு வேப்பமரம், கொஞ்சம் பாக்கணும்"ங்கறாங்க. அந்த ஹெட்மாஸ்டரே இப்ப வாரா வாரம் வர்றாரு. இப்ப உள்ள இருக்கறது யாருன்னு நினைச்சீங்க?

நானும் பொறுத்துப் பார்த்தேன் சார். "மெஷினா நானா, முடிவு பண்ணுங்க"ன்னேன். "கொஞ்சம் யோசிக்கணும்"னாரு. சிரிக்காதீங்க, கன்னம் வலிக்கும். பையை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்துட்டேன். பின்னாலயே ஒரு மெஷினைத் தூக்கிட்டு வர்றாரு. "போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை இதை இழுத்துட்டுப் போயிடேன். உன் கை ராசியான கை." எனக்கு வந்த கோவத்துல இழுத்தேன் பாருங்க... முதல் இழுப்புலயே ஓடிச்சு. கையெல்லாம் அதிருது. பையைக் கீழ வச்சுட்டேன். கோவம் போச்சுன்னு இல்ல. பஸ் போயிடுச்சு.

என்ன சார் எழுந்துட்டீங்க? வாசல் இந்தப் பக்கம். சார், அது மெஷின் ரூம்... என்னது, எந்த வருஷத்து மெஷினா? இவ்வளவு நேரம் வாயைத் திறக்க முடியாம உக்காந்திருந்தீங்க, இப்ப மட்டும் எப்படிப் பேச வருது? ஏங்க, இன்னொருத்தர் உள்ள வர்றாரு. முதல்ல பல்லைப் பாருங்க. ஹெட்மாஸ்டர் சார், நீங்களாவது சொல்லுங்க... சார், கயிறை விடுங்க. அப்படி வெடுக்குன்னு இழுத்தா வராது. காலை ஊன்றி, முதல்ல மெதுவா, அப்புறம் ஒரே மூச்சுல... அட, இல்லைங்கறேன்ல.

நகருங்க, நான் இழுக்கறேன்.