தொரையின் படங்கள் பத்திரமாக இருக்கின்றன

சித்தி, பென் டிரைவை ஒருபோதும் அப்படியே பிடுங்கக் கூடாது. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி, இனி எடுக்கலாம் என்று எழுத்து வந்த பிறகுதான் கையை வைக்க வேண்டும். இதைத் தம்பியிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் வெடுக்கென்று பிடுங்கித்தான் பழக்கம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டி வரும். உள்ளே ஒரு கறுப்பு டிரைவ் இருக்கிறது. துவைத்துக் காய்ந்த பழைய துணியில் சுற்றியிருக்கிறேன். மாத்திரை டப்பாவில் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் போட்டு வருமே, அப்படி இரண்டு பொட்டலத்தையும் கூடவே வைத்திருக்கிறேன். "நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பு, நான் ஒண்ணும் திட்ட மாட்டேன்" என்று போனில் சொன்னீர்கள். திட்ட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா முப்பத்தொரு வருடம் நீரேற்று நிலையத்தில் வால்வு திறந்து மூடியவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தக் குழாய் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் கால் நனைய நின்றார். அந்த வாரமே அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையை விட்டேன். தம்பி அப்போதே கப்பலில் இருந்தான். அவனை வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வாரம் ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்க வரும் நர்ஸ்தான் வழி சொன்னார். "தினமும் ஒரே நேரத்துல பழைய போட்டோ காட்டுங்க. பார்க்கப் பார்க்கத்தான் நிக்கும். விட்டுட்டா நழுவிடும்." ஆல்பங்களில் இருந்ததையெல்லாம் கடையில் கொடுத்து ஒரு வெள்ளை டிரைவில் ஏற்றி வாங்கிக்கொண்டு, கரையான் அரித்த ஆல்பங்களைத் தூக்கிப்போட்டேன். டிரைவை டிவியின் பின்னால் செருகினேன். தினமும் மாலை நான்கு மணிக்கு அப்பா நாற்காலியில் உட்காருவார். ஒவ்வொரு படமும் எட்டு விநாடி நின்று அடுத்ததற்குப் போகும்.

தம்பி பிறந்தபோது அழவில்லையாம். ஆஸ்பத்திரி அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தானாம். "தொரைக்கு இடம் புடிக்கலை போல" என்று அம்மா சொன்னாளாம். அதுவே வீட்டில் பெயராகிவிட்டது. டிவியில் தொரை வந்தால் அப்பாவுக்குப் பத்து வயது குறைந்துவிடும். முன்னால் சாய்ந்து, விரலை நீட்டி, "ஏய், தொரை பாரு, தொரை பாரு" என்பார். என் படம் வந்தால் கொஞ்சம் பார்ப்பார். பிறகு, "சரி, அடுத்தது" என்பார்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கூடவே இருப்பவளை யார் படத்தில் பார்ப்பார்கள்?

முதல் தவறு தெரியாமல் நடந்தது. புதிதாகச் சில படங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கியது. அவசரத்தில் டிரைவைப் பிடுங்கிவிட்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் உங்கள் வீட்டுப் படங்கள் நாற்பதும் இருந்த பகுதி மட்டும் திறக்கவில்லை. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். செத்த டிரைவைக் காதில் வைத்துக் கேட்பார், அதனால் எல்லாருக்கும் அவர் 'டாக்டர்'. அவர் காதில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஒரே இடத்துல இருக்கிற போட்டோ, இல்லாத போட்டோ மாதிரிம்மா. ரெண்டு டிரைவ், ரெண்டு அலமாரி. வருஷத்துக்கு ஒருதரம் எடுத்து ஓட்டிப் பாருங்க. பிடுங்காதீங்க." அன்றே இந்தக் கறுப்பு டிரைவை வாங்கி, மிஞ்சிய எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தேன். தையல் மெஷினின் இழுப்பறையில் வைத்தேன்.

ஆறு வாரம் கழித்து நீங்கள் வந்தீர்கள். அப்பா உங்களைப் பார்த்து, "இந்தம்மா யாரு?" என்று என்னிடம் கேட்டார். அம்மாவின் கூடப்பிறந்த தங்கையை, அவரே மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தவளை. நீங்கள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அப்புறம் தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்து நகம் வெட்டினீர்கள். "என்னைத் தெரியலைன்னா என்ன? நகம் நகம்தானே" என்றீர்கள். தெரிந்தவர்களுக்குச் செய்தால் அது கடமை, தெரியாதவர்களுக்குச் செய்தால்தான் அது தர்மம் என்று அன்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் அதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அன்று நான் கற்றுக்கொண்டது வேறொன்று. நாற்பது படம், ஆறு வாரம்.

உடனே எதையும் செய்துவிடவில்லை, சித்தி. கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், சோற்றில்தான் ஆரம்பித்தது. படம் பார்த்து முடித்ததும் அப்பா வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். தட்டை நகர்த்திவிடுவார். "தொரை வரட்டும், சேர்ந்து சாப்பிடறேன்." நான் ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வார். ஒருமுறை கையைத் தட்டிவிட்டு, "நீ யாரு நடுவுல? தொரையைக் கூப்பிடு" என்றார். கஞ்சி என் கழுத்தில் வழிந்தது. சூடு ஒன்றும் அதிகமில்லை.

மறுநாள் தொரையின் படங்களில் கடைசியில் வரும் பத்தை மட்டும் வெள்ளை டிரைவிலிருந்து எடுத்துவிட்டேன். அப்பா நன்றாகச் சாப்பிட்டார். அடுத்த வாரம் இன்னும் பத்து. நர்ஸ் எடை பார்த்து, ரெண்டு கிலோ ஏறியிருக்கிறது என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். உங்களைப் போல ஒரு பொண்ணு கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். பிழையை எடுத்துவிட்டால் பக்கம் சரியாகிவிடும் என்பது என் தொழிலில் பழகிய பாடம்.

நாளுக்கு இரண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டேன். தொரை மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டு. எடுப்பதற்கு முன் ஒவ்வொரு தரமும் கறுப்பு டிரைவைத் திறந்து, அதே படம் அங்கே நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை. வெள்ளையிலிருந்து எடுத்தேன், அவ்வளவுதான். பல பேர் நிற்கும் படங்களில் அவன் இருந்த ஓரத்தை வெட்டினேன். சுவரில் மாட்டியிருந்ததைச் சட்டம் மாற்றக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். கேட்க ஆளில்லாததால் என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

அம்மா இப்போது படங்களில்தான் இருக்கிறாள், அவளை எடுக்க மனம் வரவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். ஆனால் அம்மாவின் இடுப்பில் எப்போதும் அவன்தான் இருக்கிறான். இடுப்பில் இல்லையென்றால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனை வெட்டினால் அம்மாவின் கை அந்தரத்தில் நிற்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் அம்மாவையும் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி கப்பலிலிருந்து வீடியோவில் கூப்பிடுவான். அப்பா தூங்குகிறார் என்பேன். சிக்னல் சரியில்லை என்பேன். "பரவாயில்லைக்கா, நீ பார்த்துக்கறே, எனக்கு அது போதும்" என்பான். அவன் அனுப்பிய புதுப் படங்களையும் தவறாமல் கறுப்பு டிரைவில் சேர்த்தேன். வேண்டுமானால் தேதி பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் விடுபட்டிருக்காது.

ஐந்து மாதத்தில் அப்பா வாசலைப் பார்ப்பதை நிறுத்தினார். தட்டை நகர்த்துவதில்லை. யாரையும் கேட்பதில்லை. வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் பிறந்ததிலிருந்து அனுபவித்ததில்லை. நான்கு மணிக்கு டிவியில் நான் மட்டும் வருவேன். பள்ளிச் சீருடையில் நான், அச்சக வாசலில் நான், குடையோடு நான். "சரி, அடுத்தது" என்பார். அடுத்ததும் நான்தான்.

அப்புறம் அவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். ஐந்து நாள் விடுமுறை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் முன்னால் போய் மண்டியிட்டான். "அப்பா, தொரை வந்திருக்கேன்" என்றான். அப்பா அவனை மரியாதையாகப் பார்த்தார். நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க தம்பி. யார் வீட்டுப் பையன் நீங்க?" என்றார். தம்பி சிரித்தான், அப்பா வேடிக்கை செய்கிறார் என்று நினைத்து. பிறகு என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

இரண்டு நாள் அவன் செய்யாத வித்தை இல்லை. நீரேற்று நிலையத்தில் அவனைத் தோளில் வைத்து மோட்டார் காட்டியதைச் சொன்னான். அப்பாவின் பழைய விசில் சத்தத்தை அடித்துக் காட்டினான். காய்ச்சலில் கிடந்தபோது அப்பா பாடிய தாலாட்டைப் பாடினான், முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை. அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "குரல் நல்லாயிருக்கு" என்றார்.

"அக்கா, அந்தப் பழைய போட்டோவெல்லாம் போடுக்கா. என்னைப் பார்த்தா வந்துரும்" என்று மூன்றாம் நாள் கேட்டான்.

டிரைவில் அவன் படங்கள் இருந்த பகுதி கெட்டுப்போய்விட்டது என்றேன். வெள்ளை டிரைவைப் பிடுங்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் ஓடினான். டாக்டரின் கடைக்கு நான் அவனை அனுப்பவில்லை. அவர் என்னை அறிவார். பேருந்து நிலையத்துப் பக்கம் இரண்டு கடை சொன்னேன். இரண்டிலும், "மீட்கிறதுக்கு இதுல ஒண்ணும் இல்லை, சார்" என்று சொல்லிவிட்டார்கள். தொப்பலாக நனைந்து வந்தவன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்தார். அவனை உட்காரவைத்து எடுத்துச் சொன்னார். "பழைய படம் எதுவாச்சும் கிடைச்சா இப்பவே காட்டுங்க. இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கும். தள்ளிப்போட்டா அதுவும் போயிடும்." அவர் போன பிறகு தம்பி தையல் மெஷினின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, மேல் பலகையில் தலையைச் சாய்த்து அழுதான். சத்தம் வராமல் அழுதான். முதுகு மட்டும் ஆடியது. அவன் நெற்றிக்கும் இந்த டிரைவுக்கும் நடுவே ஒரு விரல் தடிமனில் பலகை இருந்தது. நான் துண்டால் அவன் தலையைத் துவட்டிவிட்டேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். ஐந்து நாளும் அவனுக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்தேன். சின்னச் சின்ன அன்புதான் மனிதனைக் காப்பாற்றும் என்று நீங்கள் சொல்வீர்களே.

கிளம்பும்போது அப்பாவின் காலைத் தொட்டான். அப்பாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. தோளைப் பிடித்துத் தூக்கி, "நல்ல பிள்ளையா இருக்கீங்க. உங்க அப்பாவை நான் கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

தம்பி, "சொல்றேன்" என்றான்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தம்பி போனில் சொன்னதிலிருந்து மனம் கேட்காமல் நீங்களே டாக்டரின் கடையைத் தேடிப் போனீர்கள். "அந்தம்மாவா? உலகமே அழிஞ்சாலும் அவங்ககிட்ட ஒரு காப்பி இருக்கும்" என்று அவர் சொன்னதைப் போனில் என்னிடம் சொல்லிவிட்டு, நடந்ததை எழுதி அனுப்பு என்று மட்டும் கேட்டீர்கள். ஆமாம், சித்தி. இருந்தது. ஐந்து நாளும் இருந்தது. டிவியின் பின்னால் செருகுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. நான் செருகவில்லை. மறந்துபோய் அல்ல, பயந்துபோயும் அல்ல. அப்பா அவனைப் பார்த்து முன்னால் சாய்வதை இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது, அதனால்.

நீங்கள் பேசி வைத்த பிறகு முழங்காலில் நின்று நெடுநேரம் பிரார்த்தனை செய்தேன். நேற்று மாலை நான்கு மணிக்குக் கறுப்பு டிரைவை எடுத்து டிவியில் செருகினேன். முந்நூற்றுப் பதினெட்டையும், அவன் அனுப்பிய புதியவற்றையும் ஓடவிட்டேன். அம்மாவும் வந்தாள். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு இடத்திலும் "அடுத்தது" என்று அவர் சொல்லவில்லை. நான் பயந்தேன், ஆசையும் பட்டேன். இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கடைசிப் படத்தில் தம்பி கப்பல் தளத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அப்பா விரலை நீட்டினார்.

"யார் பெத்த பிள்ளையோ, லட்சணமா இருக்கான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, முன்னால் சாய்ந்து, என் கன்னத்தைத் தொட்டார். அவர் என்னை அப்படித் தொட்டதே இல்லை.

"இல்லையா, தொரை?"

நான் "ஆமாம்ப்பா" என்றேன்.

டிரைவை முறைப்படி நிறுத்திவிட்டு, எழுத்து வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் எடுத்தேன். இன்று காலையும் இரண்டு முறை தொரை என்று கூப்பிட்டார். கூப்பிட்ட குரலுக்குப் போனேன். தட்டைக் காலி செய்துவிட்டார். தம்பியிடம் படங்கள் எல்லாம் அப்படியே இருப்பதாகச் சொல்லுங்கள், அவனுடையது எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார், சித்தி. என் முகத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்.